இறங்காத ஃபில்டர்: ஒரு வீட்டு டிகாஷன் பற்றிய நிகழ்வு ஆய்வு

சென்னையில் நான்கு பேர் உள்ள வீடு அது. காலையில் நான்கு டம்ளர், மாலையில் இரண்டு டம்ளர், தினமும் ஃபில்டர் காபி. ஃபில்டர் எவர்சில்வர், மேல் பாத்திரம் 7 செ.மீ. குறுக்களவு, 8 செ.மீ. உயரம், வாங்கிப் பல வருடம் ஆகிறது. புகார் இரண்டு. முதலாவது, டிகாஷன் இறங்குவதில்லை. ஐந்தரை மணிக்குத் தண்ணீர் ஊற்றினால் ஏழரைக்கும் மேலே பாதித் தண்ணீர் அப்படியே நிற்கிறது. இரண்டாவது, இறங்கியதும் நன்றாக இல்லை. ஒரு நாள் காபி கழுநீர் மாதிரி, மறுநாள் நாக்கை விட்டுப் போகாத கசப்பு.

வீட்டில் எல்லோரும் தூளைத்தான் சந்தேகப்பட்டார்கள். மூன்று மாதத்தில் நான்கு கடைத் தூள் மாற்றியாகிவிட்டது. பழுது மட்டும் மாறவில்லை. நான்கு தூளிலும் ஒரே பழுது வருகிறதென்றால் தூளுக்கு வெளியேயும் தேட வேண்டும் என்பதுதான் இந்த ஆய்வின் தொடக்கம். கடைசியில் தூளிலும் ஒரு பங்கு பழுது இருந்தது. ஆனால் அவர்கள் நினைத்த விதத்தில் இல்லை.

தினமும் நடந்தது

மேல் பாத்திரத்தில் நான்கு கரண்டி தூளைக் குவித்துப் போடுவார்கள். அதன்மேல் அமுக்கியை (துளை போட்ட தட்டின் நடுவில் குச்சி நிற்குமே, அது) வைத்துக் கட்டைவிரலால் பலம்கொண்ட மட்டும் அழுத்துவார்கள். கெட்டியாக அமுக்கினால் டிகாஷன் கெட்டியாக வரும் என்பது வீட்டுப் பெரியவர் சொல்லிக்கொடுத்தது. பிறகு கொதித்த தண்ணீரை விளிம்பு வரை ஊற்றி மூடிவிடுவார்கள். அரை மணி கழித்து மருமகள் போய்ப் பார்ப்பார். “அம்மா, இன்னிக்கும் இறங்கலை.” “ஒரு தட்டு தட்டும்மா, இறங்கும்.” தட்டினால் நாலு சொட்டு விழும், நின்றுவிடும்.

பள்ளிக்கும் ஆபீசுக்கும் நேரமாகிவிடுகிறது. இறங்கியவரை எடுத்துக்கொள்வார்கள். அது நான்கு டம்ளருக்குப் போதாது. அதே சக்கையில் இன்னும் கொஞ்சம் வெந்நீர் ஊற்றி, தட்டித் தட்டி இறக்கி, முதல் டிகாஷனோடு சேர்த்துவிடுவார்கள். கழுநீர் வந்த வழி இது. இன்னொரு நாள் முழுசாக இறங்கும்வரை பொறுத்திருப்பார்கள். அதற்குள் டிகாஷன் ஆறிப்போயிருக்கும். பாலில் கலந்து இரண்டையும் சேர்த்து அடுப்பில் கொதிக்கவிடுவார்கள். கசப்பு வந்த வழி அது. பிறகு கசப்பை மறைக்கச் சர்க்கரை ஒரு கரண்டி கூடும்.

ஆக, இரண்டு புகாரும் ஒரே இடத்தில் கிளம்புகின்றன. தண்ணீர் தூளுக்குள் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதை அந்த வீட்டில் யாரும் அளந்ததில்லை. ஃபில்டர் காபியில் முதலில் அளக்க வேண்டியது அதுதான்.

அளவு

சோதனைக்காகச் சில அளவுகளை மாற்றாமல் நிறுத்திக்கொண்டோம். தூள் 40 கிராம், தராசில் நிறுத்தது. தண்ணீர் 200 மி.லி. கீழே 110 மி.லி. சேரும்வரை நேரக் கணக்கு. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுவது.

200 ஊற்றினால் 110 தானா என்று கேட்கத் தோன்றும். காபித் தூள் தன் எடையைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. 40 கிராம் தூளில் 80 முதல் 90 மி.லி. நின்றுவிடும், மீதிதான் இறங்கும். இது தெரியாமல், மேலே ஈரம் இருக்கிறதே, இன்னும் இறங்கவில்லை என்று காத்திருக்கிற வீடுகள் உண்டு. ஒரு டம்ளருக்கு 28 முதல் 30 மி.லி. டிகாஷன் என்றால் நான்கு டம்ளருக்கு 110 முதல் 120 மி.லி. போதும். கரண்டிக் கணக்கை நம்ப முடியாது. அதே கரண்டியில் தலைதட்டி எடுத்தால் ஓர் எடை, குவித்து எடுத்தால் ஒன்றரைப் பங்கு எடை.

வெறும் தண்ணீர் சோதனை

தூள் போடாமல் காலி ஃபில்டரில் 200 மி.லி. தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். துளைகள் சுத்தமாக இருந்தால் இந்த அளவு ஃபில்டரில் அரை நிமிடத்துக்குள் முழுதும் வடிய வேண்டும். இங்கே 3 நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. அதுவும் தண்ணீர் ஓரத்தில் மட்டும் ஒழுகியது. நடுவில் ஒரு சொட்டு இல்லை.

மேல் பாத்திரத்தைக் கவிழ்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது காரணம் கண்ணிலேயே பட்டது. வெளிவட்டத் துளைகள் ஊசிமுனை ஊசிமுனையாக மின்னின. நடு வட்டங்கள் இருட்டு. நகத்தால் சுரண்டினால் வெள்ளையாக ஒரு தோல் வந்தது. அதன் அடியில் பழுப்பாகப் பிசுபிசுப்பு. வெள்ளைத் தோல் போர்வெல் தண்ணீரின் சுண்ணாம்புப் படிவு. பழுப்புப் பிசுக்கு காபியின் எண்ணெய், அதில் ஒட்டிய பொடித்தூள். இரண்டும் மாறிமாறிப் படிந்து துளையைச் சிமெண்ட் பூசியதுபோல அடைத்திருந்தன.

பாத்திரம் துலக்கும் சோப்பு இதற்குப் போதாது. எண்ணெய்க்கு ஒன்று, சுண்ணாம்புக்கு ஒன்று வேண்டும். வரிசையும் முக்கியம். முதலில் கால் லிட்டர் கொதிக்கிற தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து, மேல் பாத்திரத்தையும் அமுக்கியையும் அதில் 20 நிமிடம் மூழ்கவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் அடிப்பக்கம் தேய்த்துக் கழுவ வேண்டும். எண்ணெய் போனபிறகு, இன்னொரு கால் லிட்டர் வெந்நீரில் ஒரு தேக்கரண்டி எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலத் தூள்) கரைத்து அரை மணி ஊறவிட வேண்டும். சுண்ணாம்பு இருக்கும் இடத்தில் சின்னச் சின்னக் குமிழ் கிளம்பும். குமிழ் நின்றால் வேலை முடிந்தது. சோடாவையும் எலுமிச்சை உப்பையும் ஒரே பாத்திரத்தில் கலந்தால் நுரை பொங்குமே தவிர ஒன்றையொன்று செயலிழக்கச் செய்துவிடும்; எதற்கும் உதவாது. கழுவிய பிறகு அதே 200 மி.லி. 18 விநாடியில் வடிந்தது.

அடைத்த ஃபில்டரின் அடியை அடுப்புத் தீயில் காட்டித் தட்டுவது பல வீட்டு வழக்கம். இந்த வீட்டிலும் செய்திருக்கிறார்கள். தூள் மட்டும் அடைத்திருந்தால் அது எரிந்து உதிரும், பலன் தெரியும். சுண்ணாம்புப் படிவைத் தீ ஒன்றும் செய்யாது. அடிக்கடி காட்டினால் மெல்லிய தகடு வளைந்து அமுக்கி சமமாக உட்காராமல் போகும். குண்டூசியால் குத்துவது அதைவிட மோசம். துளை பெரிதானால் திரும்பச் சின்னதாகாது. அதன்பிறகு டம்ளர் அடியில் மண்டி தங்கிக்கொண்டேயிருக்கும்.

பித்தளை ஃபில்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உள்ளே வெள்ளீயம் பூசியிருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள். டிகாஷன் புளிப்புத்தன்மை உள்ளது. பூச்சு போன பித்தளையில் மணிக்கணக்கில் நின்றால் செம்பு அதில் கரையும். பூச்சு உள்ளதை எலுமிச்சை உப்பில் அரை மணி ஊறப்போடவும் வேண்டாம்.

துளை திறந்துவிட்டது. வீட்டு வழக்கப்படியே அமுக்கி, அதே தூளில் டிகாஷன் போட்டுப் பார்த்ததில் 110 மி.லி. இறங்க 95 நிமிடம். இரண்டு மணி நேரத்திலும் முடியாதது ஒன்றரை மணி நேரத்துக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். பெரும்பாலும் இந்த இடத்தில்தான், கழுவியும் சரியாகவில்லை, ஃபில்டர் போய்விட்டது என்று புது ஃபில்டர் வாங்குவார்கள். புது ஃபில்டரிலும் இதே 95 நிமிடம்தான் ஆகியிருக்கும்.

கட்டைவிரல்

அடுத்து அமுக்கம். அமுக்கி அழுத்துவதற்கான கருவி என்று அதன் பெயரே சொல்கிறது, அங்கேதான் குழப்பம். அதற்கு இரண்டு வேலை. தூளைச் சமமாகப் படியவைப்பது ஒன்று. மேலிருந்து விழும் தண்ணீர் தூளைக் குழி பறிக்காமல் தடுப்பது இன்னொன்று. இரண்டுக்கும் அமுக்கியின் சொந்த எடையும் விரல்நுனியின் லேசான தொடலும் போதும்.

பலமாக அழுத்தும்போது தூளுக்கிடையே உள்ள இடைவெளி நசுங்குகிறது. அதன்பிறகு தண்ணீர் பட்டதும் தூள் உப்புகிறது. உப்ப இடமில்லாததால் இருக்கிற இடைவெளியையும் மூடிக்கொள்கிறது. மேலே நிற்கும் தண்ணீரின் எடை ஒன்றுதான் அதைக் கீழே தள்ளுகிறது. நாலைந்து சென்டிமீட்டர் உயரத் தண்ணீருக்கு என்ன பலம் இருக்கும்? எஸ்பிரஸ்ஸோ இயந்திரத்தில் தூளை இறுக்கி அழுத்துகிறார்களே என்றால், அங்கே தண்ணீரைத் தள்ளுவது காற்றழுத்தத்தைப் போல ஒன்பது மடங்கு அழுத்தம். ஃபில்டரில் இருப்பது காற்றழுத்தத்தில் இருநூறில் ஒரு பங்கு. அங்கே சரியானது இங்கே தவறு.

பழைய தூளிலேயே அமுக்கத்தை மட்டும் மாற்றினோம். தூளைப் போட்டு, பாத்திரத்தைப் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டிச் சமமாக்கி, அமுக்கியை வைத்து, ஒரு விரலால் அரைச் சுற்று திருப்பிவிட்டு நிறுத்தியது. 95 நிமிடம் 45 ஆனது.

உறையின் பின்பக்கம்

45 நிமிடமும் அதிகம். நல்ல நிலையில் உள்ள ஃபில்டரில் 15 முதல் 25 நிமிடத்துக்குள் முதல் டிகாஷன் இறங்கிவிட வேண்டும். மிச்சமிருந்தது தூள்.

வீட்டில் சொன்னது, “நாங்க எப்பவும் நல்ல தூள்தான் வாங்கறோம், கருகருன்னு இறங்கும்.” உறையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருந்தது: காபி 60%, சிக்கரி 40%. இதில் ஏமாற்று ஏதும் இல்லை. கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, விகிதத்தை உறையில் போட வேண்டும் என்பதுதான் நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. போட்டிருக்கிறார்கள். படிக்கவில்லை. மாற்றிய நான்கு உறையில் மூன்றில் சிக்கரி 30க்கு மேல்.

சிக்கரி ஒரு செடியின் வேர், வறுத்துப் பொடித்தது. அதில் கஃபீன் கிடையாது. தண்ணீரில் கரையும் பொருள் காபியைவிட இரண்டு மடங்குக்கும் மேல் அதில் உண்டு. அதனால்தான் கருகருவென்று இறங்குகிறது. அளவாகச் சேர்த்தால் டிகாஷனுக்கு ஒரு கொழகொழப்பும் பாலோடு நிற்கும் நிறமும் கிடைக்கும். நம் ஊர் காபிக்கு அது வேண்டியதுதான். அளவு மீறினால் தண்ணீரைக் குடித்து ஊதி, பசைபோலாகித் துளைமேல் படுத்துக்கொள்ளும். டிகாஷனின் கறுப்பு நிறத்தை வைத்துத் தரத்தைச் சொல்லவே முடியாது. 40 கிராம் 60:40 தூளில் உண்மையான காபி 24 கிராம். அதே எடை 80:20 தூளில் 32 கிராம். மூன்றில் ஒரு பங்கு கூடுதல் காபி, கரண்டிக் கணக்கு மாறாமலே.

உறை இல்லாமல் சில்லறையாக வாங்கிய தூள் என்றால் ஒரு கண்ணாடி டம்ளரில் குளிர்ந்த தண்ணீர் எடுத்து, ஒரு சிட்டிகைத் தூளை மேலே தூவிப் பாருங்கள். காபி மிதக்கும். சிக்கரி சில விநாடிகளில் பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டே அடியில் இறங்கும். எத்தனை கோடு, எவ்வளவு வேகம் என்பதே போதுமான சாட்சி.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. தூள் டப்பா அடுப்புக்கு மேல் அலமாரியில், மூடி தளர்ந்த நிலையில் இருந்தது. சாதம் வடிக்கும் ஆவி நேரே அதற்குத்தான் போகிறது. சிக்கரி ஈரத்தை இழுக்கும் பொருள்; தூள் கடுகு கடுகாகக் கட்டிதட்டியிருந்தது. விரலால் நசுக்கினால் உடைகிறது, ஆனால் ஃபில்டரில் உடைவதில்லை. கட்டியின் வெளிப்புறம் பசையாகி உள்ளே உலர்ந்தே கிடக்கும். மழைக்காலத்தில் மட்டும் எங்கள் ஃபில்டர் மக்கர் பண்ணுகிறது என்பவர்கள் முதலில் டப்பாவைப் பார்க்க வேண்டும். ஃபிரிட்ஜில் வைப்பதும் தீர்வில்லை. தினமும் வெளியே எடுத்துத் திறக்கும்போது குளிர்ந்த தூளின்மேல் காற்றின் ஈரம் வியர்த்துப் படியும். இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் டப்பா, அடுப்பிலிருந்து தள்ளி ஓர் இருட்டு அலமாரி, ஒரு வாரத்துக்கு மேல் போகாத கொள்முதல். இந்த வீட்டுக்கு வாரம் 400 முதல் 450 கிராம்.

கடையில் வறுத்து அரைத்துத் தருகிற இடமாக இருந்தால் கேட்டு வாங்கலாம். இந்த வீட்டுக்குத் தேர்ந்தெடுத்தது பிளாண்டேஷன் ஏ பாதி, பீபெரி பாதி, மொத்தத்தில் சிக்கரி 20 சதவீதம். பிளாண்டேஷன் என்பது பழத்தோலை நீக்கிக் கழுவி உலர்த்திய அரபிகா வகைக் காபி. பீபெரி என்பது இரண்டு விதை இருக்க வேண்டிய பழத்தில் ஒரே விதையாக உருண்டு வளர்ந்தது. உருண்டையாக இருப்பதால் வறுக்கும்போது சீராக உருளும். இன்னும் காரம் கேட்கும் நாக்குக்குக் கால் பங்கு ரோபஸ்டா வகைக் காபி சேர்க்கலாம். அதில் கஃபீன் அரபிகாவைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, மணம் குறைவு. ஆனால் மணத்துக்காகச் சிக்கரியைக் குறைத்துவிட்டு, அந்த இடத்தில் ரோபஸ்டாவைக் கொட்டுவதில் அர்த்தமில்லை.

அரைப்பு: தூளை இரண்டு விரலில் தேய்த்தால் பொடி உப்பு மாதிரி நெருட வேண்டும். ரவை போலப் பெரிதாக இருந்தால் தண்ணீர் ஓடிவிடும். மைதாபோல வழுக்கினால் அடைக்கும். மிக்ஸியில் அரைப்பவர்களுக்கு இரண்டும் சேர்ந்தே வரும், பாதி ரவை, பாதி மாவு. மாவு துளைக்கு வந்து அடைக்கும், ரவை சாரம் விடாமல் நிற்கும். மிக்ஸிதான் உண்டு என்றால் விட்டு விட்டு ஐந்து விநாடியாக ஓட்டி, மாச்சல்லடையில் மாவைச் சலித்து நீக்கிவிடுங்கள்.

புதுத் தூள், மெல்லிய அமுக்கம், சுத்தமான துளை. 24 நிமிடம்.

‘புஸ்’

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் காலை 60 மி.லி. வரை மளமளவென்று இறங்கிய டிகாஷன் சட்டென்று நின்றது. தூள் அதே, அமுக்கம் அதே. மேல் பாத்திரத்தைக் கழற்றலாம் என்று ஒரு மயிரிழை தூக்கியதும் ‘புஸ்’ என்று ஒரு சத்தம்; அந்த நிமிடமே சொட்டு மறுபடி ஆரம்பித்தது.

கீழ்ப் பாத்திரத்தில் இருந்த காற்று போக இடமில்லாமல் சிக்கியிருந்ததுதான் காரணம். மேல் பாத்திரமும் கீழ்ப் பாத்திரமும் பொருந்தும் வளையத்தில் ஈரம் பட்டால் அது வாஷர் போட்டதுபோல அடைபட்டுவிடும். டிகாஷன் கீழே வரவேண்டுமென்றால் அதே அளவு காற்று வெளியேற வேண்டும். மேலே நிற்கும் தண்ணீர் காற்றைத் தன் எடையால் நசுக்கிக் கொள்ளாதா என்றால், அதன் பலம் காற்றழுத்தத்தில் இருநூறில் ஒரு பங்கு என்று பார்த்தோம். கீழே 250 மி.லி. காற்று இருந்தால் அதை ஒன்றேகால் மி.லி. அளவுக்குத்தான் நசுக்க முடியும். பொருத்தம் முழுக்க அடைபட்டால் ஒரு தேக்கரண்டி டிகாஷன்கூட இறங்காது. போதாததற்கு, கீழே விழும் சூடான டிகாஷன் அந்தக் காற்றைச் சூடாக்கி விரியவைத்து மேல்நோக்கித் தள்ளுகிறது.

தட்டினால் நாலு சொட்டு விழுந்ததன் ரகசியமும் இதுவே. தட்டும்போது தூள் ஒன்றும் அசையவில்லை. பொருத்தம் ஒரு கணம் விலகிக் கொஞ்சம் காற்று வெளியேறியிருக்கிறது. பெரியவர் சொன்னது பலித்தது, காரணம் வேறு.

தீர்வு எளிது. பொருத்துமுன் இரண்டு வளையத்தையும் உலர்ந்த துணியால் துடைப்பது. இறுக்கித் திருகாமல் மேலே உட்கார வைப்பது. தண்ணீர் ஊற்றிய ஐந்தாம் நிமிடம் ஒருமுறை லேசாகத் தூக்கி வைப்பது. அதன்பிறகு நேரம் 17, 18 நிமிடத்தில் நிலைத்தது.

எதிர்ப்பக்கத்துத் தவறு

அழுத்தக் கூடாது என்று தெரிந்ததும், வீட்டில் அமுக்கியையே எடுத்துவிட்டுப் போட்ட நாள் ஒன்று உண்டு. 5 நிமிடத்தில் 110 மி.லி. இறங்கிவிட்டது. எல்லோருக்கும் சந்தோஷம், குடிக்கும்வரை. பாலில் விட்டால் நிறம் எடுக்கவில்லை. வெறும் டிகாஷனை நாக்கில் வைத்தால் புளிப்பும் உப்பும் கலந்த ஒரு கூர்மை.

இறங்கி முடிந்த ஃபில்டரின் சக்கையைப் பார்த்தால் அதற்குள் நடந்ததைப் படித்துவிடலாம். அன்றைய சக்கையில் தண்ணீர் விழுந்த பக்கம் குழி, எதிர்ப்பக்கம் மேடு. மேட்டை ஸ்பூனால் வெட்டிப் பார்த்தால் உள்ளே வெளிறிய, பாதி உலர்ந்த திட்டுகள். தண்ணீர் குழி வழியாகவே ஓடியிருக்கிறது. பாதித் தூள் தண்ணீரைப் பார்க்கவேயில்லை. நன்றாக இறங்கிய நாளின் சக்கை அடைபோலச் சமமாக, ஒரே நிறத்தில், தட்டினால் முழுசாகக் கழன்று விழும்.

புதிதாக வறுத்து அன்றே அரைத்த தூளில் இன்னொரு விஷயமும் சேர்கிறது. வறுத்த கொட்டைக்குள் கரியமில வாயு இருக்கும். வெந்நீர் பட்டதும் அது நுரையாகக் கிளம்பி அமுக்கியையே தூக்கும். அதனால் முதலில் 40 மி.லி. மட்டும் அமுக்கியின் மேல் வட்டமாகச் சுற்றி ஊற்றி, 40 விநாடி பொறுத்து, நுரை தணிந்தபின் மீதி 160 மி.லி. ஊற்ற வேண்டும். ஒரே இடத்தில் உயரத்திலிருந்து ஊற்ற வேண்டாம்.

தண்ணீரின் சூடு

தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஒரு நிமிடம் ஆறவிட்டு, 92 டிகிரியில் ஊற்று என்று இப்போது பலரும் சொல்கிறார்கள். தொடர்ந்து வெந்நீர் ஊற்றிக்கொண்டேயிருக்கும் காகித வடிகட்டி முறைக்கு அது பொருந்தலாம். நம் ஃபில்டருக்குப் பொருந்தாது. 200 மி.லி. தண்ணீர், அறைச் சூட்டில் உள்ள 40 கிராம் தூளையும் நூறு கிராம் எவர்சில்வரையும் சூடாக்க வேண்டியிருக்கிறது. கெட்டிலிலிருந்து விழும்போது 97 டிகிரி என்றால், தூளோடு கலந்ததும் 89, 90க்கு வந்துவிடும் என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். அதற்கு மேல் ஆறவிட்டால் சாரம் இறங்காது. சென்னையில் கொதி வந்ததும் தயங்காமல் ஊற்றுங்கள். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடுகிறது. அங்கே ஃபில்டரை வெந்நீரில் அலசிச் சூடாக்கித் துடைத்துவிட்டுத் தூள் போடுவது அவசியம்.

தண்ணீரின் தரத்தில், போர்வெல் தண்ணீரை நிறுத்தி ஆர்.ஓ. தண்ணீருக்கு மாறியதில் துளை அடைப்பு குறையும். ஆனால் ஆர்.ஓ. இயந்திரத்தில் உப்பு அளவு லிட்டருக்கு 20, 30 மி.கி. என்று மிகவும் தாழ்த்தி வைத்திருந்தால் காபி மெலிந்து கூர்மையாக இருக்கும். 75 முதல் 250 வரை இருப்பது நல்லது; 150 பக்கம் மிக நல்லது. இந்த வீட்டில் 30ல் இருந்ததை இயந்திரத்தின் திருகைத் திருப்பி 110 ஆக்கினோம். முதல் வாயிலேயே வித்தியாசம் தெரிந்தது.

பால், சேர்க்கை

ஆறிய டிகாஷனைச் சுடவைக்க வேண்டிய தேவையே இல்லை. 110 மி.லி. பால் 95 டிகிரியில் இருக்கட்டும். 45 டிகிரி டிகாஷன் 30 மி.லி. சேர்த்தால் கலவை 84 டிகிரி. முழுக்க ஆறி 32 டிகிரியில் இருக்கும் டிகாஷனைச் சேர்த்தால் 81. வித்தியாசம் மூன்று டிகிரிக்குள். டபராவில் ஒருமுறை ஆற்றினாலே அதைவிட அதிகம் குறையும். இந்த மூன்று டிகிரிக்காகத்தான் தினமும் டிகாஷனைக் கொதிக்கவைத்து மணத்தைப் போக்கடித்திருக்கிறார்கள். சூடேற ஏற டிகாஷனில் புளிப்பும் கசப்பும் வளரும். போன மணம் திரும்பாது. மனம் கேட்கவில்லையென்றால் டிகாஷன் கிண்ணத்தை வெந்நீருக்குள் இரண்டு நிமிடம் வைத்தால் போதும்.

பால் 6 சதவீதக் கொழுப்புள்ளது அல்லது 4.5 சதவீதம். தண்ணீர் சேர்க்காமல் காய்ச்சி, ஒருமுறை பொங்கி எழும்போது இறக்கிவிட வேண்டும். திரும்பத் திரும்பக் காய்ச்சிய பாலின் ஏட்டு வாசனை காபி மணத்தை அழுத்திவிடும். டம்ளரில் முதலில் சர்க்கரை, அதன்மேல் டிகாஷன், பிறகு கொதிக்கிற பால். டம்ளருக்கும் டபராவுக்குமாக இரண்டு ஆற்று. சர்க்கரை கரையவும் நுரை கட்டவும் அது போதும். நாலைந்து முறை உயரத் தூக்கி ஆற்றினால் பார்க்க அழகு, காபி ஆறிப்போகும்.

இரண்டாம் டிகாஷன் போடலாம், தவறில்லை. முதலாவதோடு கலக்கக் கூடாது. தனிக் கிண்ணத்தில் பிடித்து வைத்து, லேசான காபி குடிப்பவருக்கு மட்டும் கொடுக்கலாம்.

மாலை இரண்டு டம்ளர்

காலைக் காபி சரியாகிவிட்டது. கள்ளிச்சொட்டு மாதிரி இறங்குகிறது, சர்க்கரை ஒன்றரைக் கரண்டியிலிருந்து முக்கால் கரண்டிக்கு வந்துவிட்டது. மாலையில் மட்டும் மறுபடி கழுநீர். அதே தூள், அதே கை, அதே ஃபில்டர். 20 கிராம் தூள், 100 மி.லி. தண்ணீர் என்று விகிதமும் அதே. ஆறு நிமிடத்தில் இறங்கிவிடுகிறது.

7 செ.மீ. குறுக்களவில் 40 கிராம் தூள் இரண்டரை செ.மீ. உயரத்துக்குப் படியும். 20 கிராம் ஒன்றேகால் செ.மீ.தான். அந்த மெல்லிய படுகையைத் தண்ணீர் ஒரே ஓட்டமாகக் கடந்துவிடுகிறது. அழுத்திச் சரிசெய்யலாம் என்று பழைய கட்டைவிரலுக்குத் திரும்பினால் பழைய நோயும் திரும்பும். தூளின் உயரம் இரண்டு செ.மீ.க்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஐந்தரை செ.மீ. குறுக்களவுள்ள சின்ன ஃபில்டரில் அதே 20 கிராம் இரண்டு செ.மீ.க்குச் சற்று மேலே நிற்கும். பரணில் அப்படி ஒன்று கிடந்தது. சோடாவில் ஊறவைத்து, எலுமிச்சை உப்பில் ஊறவைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, வளையத்தைத் துடைத்துப் போட்டதில் 16 நிமிடம். விருந்தாளி வந்து எட்டு டம்ளர் வேண்டுமென்றால் பெரிய ஃபில்டரில் 80 கிராமைத் திணிக்காமல், 40 கிராமாக இரண்டு தடவை போடுகிறார்கள்.

துளைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது அந்த வீட்டில் இப்போது ஞாயிற்றுக்கிழமை வேலை. மருமகள் பிடிப்பார், மாமியார் எண்ணுவார்.